செயற்கைப் பார்வையா, வரைகாட்சியா?

ஐயா, வெளியே உள்ள நிலத்தைக் கணினியால் வரைந்து விமானிக்குத் திரையில் காட்டும் ஏற்பாட்டை 'சிந்தெட்டிக் விஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் தந்த 'செயற்கைப் பார்வை'யை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "யாருக்குக் கண் ஆபரேஷன்?" என்று கேட்டார்கள். பார்வை என்றாலே நமக்குக் கண்தானே நினைவுக்கு வரும்! இன்னொரு நண்பரின் 'முப்பரிமாணத் திரை'யிலும் எனக்கு உடன்பாடில்லை. விமானியறையில் இருப்பது தட்டையான திரைதான், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற சமாசாரம் இல்லை. தூரத்து மலையைச் சிறிதாகவும் கிட்டத்து மலையைப் பெரிதாகவும் வரைவதால் ஆழம் தெரிகிறது, அவ்வளவே.

பெயர் வைக்குமுன் அது செய்கிற வேலையைப் பார்த்துவிடலாம். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் பழைய செயற்கைத் தொடுவானக் கருவியில் மேல் பாதி வானத்துக்கு நீலம், கீழ்ப் பாதி நிலத்துக்கு வெறும் பழுப்பு. அந்தப் பழுப்பு இருந்த இடத்தில் இப்போது மலை, பள்ளத்தாக்கு, ஏரி, ஓடுபாதை எல்லாவற்றையும் கணினி வரைகிறது. வெளியே மேகமானாலும் இருட்டானாலும் திரையில் நல்ல பகல். விமானம் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும், நிலத்தின் வடிவம் ஏற்கெனவே சேமித்து வைத்த தரவிலிருந்து வரும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, ரேடாரால் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்து வந்ததே, அதுபோன்ற அளவைகள்தான் இதற்கு மூலம்.

இதன் அருமை தெரிய 1995 டிசம்பர் 20 இரவை நினைத்துப் பாருங்கள். மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குப் போன போயிங் 757. காலிக்குப் பக்கத்தில் உள்ள ரோசோ என்ற ரேடியோ வழிகாட்டி நிலையத்துக்காக விமானிகள் 'ஆர்' எழுத்தைத் தட்ட, கணினி பொகோட்டா பக்கத்து ரோமியோவை எடுத்துக்கொண்டது. விமானம் இடப்புறம் மலைகளை நோக்கித் திரும்பிவிட்டது. நிலம் நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்ததும் மேலே இழுத்தார்கள், ஆனால் வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் விரிக்கும் தடுப்புப் பலகைகள் விரிந்தபடியே இருந்தன. 163 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர். எஞ்சினில் கோளாறு இல்லை. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட சாவுகளைக் குறைக்கத்தான் நாசா இதில் இறங்கி, 2001இல் கொலராடோவின் மலைகளுக்கு நடுவே இன்னொரு 757ஐ வைத்தே பறந்து பார்த்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு 'வரைகாட்சி'. வரைபடம் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும், அதே கட்டுமானம்; வினைத்தொகை, ஒற்று மிகாது. வரை என்றால் மலையும்கூட. க் போட்டு 'வரைக்காட்சி' என்று எழுதிவிட்டாலும் மலைக்காட்சி என்றாகும், குடி முழுகாது! (வரைவுக்குத் திருமணம் என்றும் பொருளுண்டு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) 'புனைகாட்சி'யையும் யோசித்தேன், ஆனால் புனைகதை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. எதிரே தெரிகிற மலையைப் புனைவென்று நினைக்கிற விமானியோடு நான் பறக்கத் தயாரில்லை.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த இன்னொன்று, இது வரைந்ததுதான் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. போன மாதம் எழும்பிய கோபுரம் தரவில் ஏறவில்லை என்றால் திரையிலும் இருக்காது. விமானத்தின் மூக்கில் அகச்சிவப்புக் கேமரா வைத்து நேரே பார்த்துக் காட்டும் 'என்ஹான்ஸ்டு விஷன்' வேறு வகை, அதற்குத் 'துலங்குகாட்சி' என்று வைத்தால் இரண்டும் குழம்பாது. 'செயற்கை' என்று தொடங்கினால் இந்த வேறுபாடு தெரியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் துணைச்சொற்கள். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது மூக்கு ஒரு திசையில் இருக்கும், விமானம் வேறு திசையில் போகும். உண்மையில் போகும் இடத்தைக் காட்டும் சிறு குறிக்குச் 'செல்குறி' போதும். பறக்க வேண்டிய வழியைக் காட்ட, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஜன்னல் சட்டம் போன்ற கட்டங்களைத் திரையில் வரைகிறார்கள், அவற்றுக்குள் நுழைந்து நுழைந்து போக வேண்டும். 'சட்டப்பாதை' என்று எழுதிப் பார்த்தேன், வழக்கறிஞர் வேலைபோல் இருந்தது. பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் நிலைவாசல்கள் வரிசையாகக் கொல்லை வரை தெரியுமே, அந்த நினைப்பில் 'வாயில்வழி' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எடுத்து விடுங்கள்.