வெறும் கீழடுக்கு சுழற்சிக்கு இவ்வளவு மழையா?

ஆற்றங்கரை:
2023 டிசம்பர் 17. ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் ஊர். புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை, குமரிக்கடலில் கீழடுக்கு சுழற்சிதான் (வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் காற்று சுழல்வது) என்று கேட்டதால் அப்பா நெல் மூட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டார். விடியும்போது தண்ணீர் ஜன்னல் கட்டைக்கு வந்துவிட்டது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்ற இந்த வரிசை எதைத்தான் சொல்கிறது?

மாடி மழைமானி:
காற்றை மட்டும்தான் சொல்கிறது. மணிக்கு 31 கி.மீ.-க்குக் கீழே என்றால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். சுழற்சி இந்த வரிசைக்குள்ளேயே வராது.

மழைக் கணக்கு வேறு. விறுவிறுவென்று கரை கடக்கும் புயலைவிட, ஒரே இடத்தில் நின்று கடல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் சுழற்சி அதிகம் கொட்டிவிடும். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல். 2015 டிசம்பர் 1-இல் சென்னையை மூழ்கடித்த மழையும் புயல் மழை அல்ல.

நீங்கள் கவனிக்க வேண்டியது மழைக்கான சொல்லை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, 21-லிருந்து அதி கனமழை. அதற்கு மேல் சொல்லே கிடையாது. 21-க்கும் 90-க்கும் ஒரே பெயர்தான். ஆகவே ‘அதி’ என்று காதில் விழுந்தாலே மூட்டையைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

விசைப்படகு:
தூத்துக்குடியில் கடலுக்குப் போகிற எங்களுக்குக் காற்றுதான் உயிர். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டும் காற்றுக்கானதுதான். கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து மழையைக் கணிக்கக் கூடாது.

ஆற்றங்கரை:
சரி, 90 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்?

மாடி மழைமானி:
1 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். பத்துக்குப் பத்து அடி மாடியில் 90 செ.மீ. பெய்தால் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக இருக்கும் பாத்திரத்தை மரம், சுவர் மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை ஒரு நாள் கணக்கு.

ஆற்றங்கரை:
அம்மாவின் எவர்சில்வர் சம்படத்தை மாடியில் வைத்தோம். இன்று காலை அப்பா ஸ்கேலை விட்டுப் பார்த்தார். 1.8 செ.மீ.