கிளாஸ் பூச்சு போட்டதும் நிழல் அடைத்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

இருட்டறை:
கறுப்பு வெள்ளைப் படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில், பளபளப்பான பரைட்டா (பேரியம் சல்பேட் பூசிய) தாளில் அடிக்கிறேன். பிக்மென்ட் மை. குவாட்டோன் ரிப் (எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள்) வழியாகச் சாம்பல் மைகள் மட்டும், அப்புறம் அதே தாளைத் திரும்ப உள்ளே விட்டு இரண்டாவது சுற்றில் கிளாஸ் ஆப்டிமைசர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. 21 படி ஸ்டெப் வெட்ஜ் (வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகப் போகும் சோதனைப் பட்டை) அடித்து அளந்து, மை அளவைத் திருத்தும் கர்வ் போட்டேன், ஒழுங்காகத்தான் இருந்தது. பூச்சு ஏறியதும் கறுப்பு அருமையாக ஆழமாகிறது, ஆனால் 85 சதவீதத்துக்கு மேலே உள்ள படிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் நடுச்சாம்பலில் லேசாகச் செம்பு நிறம் வேறு. பூச்சைக் குறைக்கவா, கர்வைத் தொடவா?

மைக்கறை:
கர்வைத்தான். பூச்சுக்கு முன்னால் அளந்த கர்வ் பூச்சுக்குப் பிறகு செல்லாது. பிக்மென்ட் துகள்கள் தாளுக்கு மேலேயே படிந்து பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன, வெளிச்சம் அதில் சிதறிக் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. பூச்சு அந்த மேடுபள்ளத்தை மூடியதும் சிதறல் குறைகிறது, மை அதிகமாக உள்ள படிகள்தான் அதிகம் இருள்கின்றன. அதனால் இருண்ட முனை மட்டும் சரிந்துபோகிறது. வெட்ஜை அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள், பூச்சு போட்டு அதையும் காயவிட்டு, அதற்குப் பிறகு அளந்து லீனியரைஸ் செய்யுங்கள், அதாவது படிகளுக்கு இடையே சீரான இடைவெளி வரும்படி கர்வைத் திருத்துங்கள். முடிந்தால் 51 படி வெட்ஜ். உங்கள் சிக்கல் முழுக்கக் கடைசி 15 சதவீதத்தில் இருக்கிறது, 21 படியில் அங்கே மூன்று நாலு கட்டம்தான் கிடைக்கும்.

காகிதப்பூச்சி:
மேலே சொன்னது சரி, ஆனால் செம்பு நிறத்தைக் கர்வ் தீர்க்காது. நம்மிடம் உள்ள ஸ்பெக்ட்ரோ (நிறம் அளக்கும் கருவி) பெரும்பாலும் 45/0 கோணத்தில், அதாவது 45 டிகிரியில் வெளிச்சம் போட்டு நேர் மேலிருந்து அளப்பவை, கண்ணாடிபோல நேராகத் திரும்பும் வெளிச்சத்தை வேண்டுமென்றே விட்டுவிடும், பிரான்சிங் (இந்தச் செம்பு மினுக்கம்) இருப்பதோ அந்த வெளிச்சத்தில்தான். எண்கள் எல்லாம் அழகாக வந்த பிரிண்டும் சுவரில் மாட்டினால் மினுங்கலாம். இதற்குக் கண்தான் கருவி, ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பூச்சு முழுத் தாளுக்கும் போகிறதா? மை விழாத வெள்ளை வானம் பூச்சில்லாமல் நின்றால் பக்கத்துச் சாம்பலோடு பளபளப்பு ஒட்டாது. கேனன் ப்ரோ-1000 டிரைவரில் இதற்காகவே ஆட்டோ (எங்கே பூசுவது என்று பிரிண்டரே முடிவு செய்யும்), ஓவரால் (முழுக்கப் பூசும்) என்று இரண்டு வகை உண்டு. கறுப்பு வெள்ளைக்கு ஓவரால்தான் என் ஓட்டு.

இருட்டறை:
முழுத் தாளுக்கும்தான் போடுகிறேன். பூச்சைக் கூட்டினால் செம்பு போய்விடுமா?

காகிதப்பூச்சி:
ஓரளவுக்குப் போகும். ரொம்பக் கூட்டினால் ஈரம் தேங்கித் திட்டுத் திட்டாகக் காயும், தாளை நகர்த்தும் பல் வைத்த நட்சத்திரச் சக்கரத்தின் புள்ளித் தடமும் விழும். நடுச்சாம்பல் அடித்த ஒரே தாளின் மேல் 20, 30, 40 சதவீதம் என்று பட்டை பட்டையாகப் பூச்சை ஏற்றுங்கள், செம்பு மறைகிற முதல் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மைக்கறை:
அந்த அளவை முடிவு செய்துவிட்டு வெட்ஜ் அடியுங்கள். பிறகு பூச்சை மாற்றினால் திரும்பவும் அளக்க வேண்டிவரும்.