பதினேழேழு எவ்வளவு?

தேரா துபாய் அம்மா:
நேத்து "கல்லூரி சேர்க்கை" இழையில மாம்பலம் கணக்கு சார் போட்ட வரியை அப்படியே தர்றேன்: "வெளிநாட்டுல இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்ககிட்ட கால்குலேட்டரைப் பிடுங்கிட்டா பதினேழேழு எவ்வளவுன்னு சொல்லத் தெரியாது. பெத்தவங்க பெருமைக்குப் பணத்தைக் கொட்டுறாங்க."

படிச்சதுலேர்ந்து மனசே ஆறலை. என் பையன் துபாய்ல பிரிட்டிஷ் பாடத்திட்டத்துல படிக்கிறான். பெருமைக்குச் சேர்க்கலை. நாங்க அங்க போய் இறங்கினது ஆகஸ்ட் கடைசி. இந்தியன் ஸ்கூலுக்கெல்லாம் ஏப்ரல்லயே வருஷம் ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்குப் பக்கத்துல இருந்த மூணுலயும் சீட் இல்லைன்னு கையை விரிச்சிட்டாங்க. பிரிட்டிஷ் ஸ்கூலுக்கு செப்டம்பர்ல புது வருஷம். பிள்ளையை ஏழு மாசம் வீட்ல உட்கார வைக்கவா? துபாய்ல தனியார் பள்ளிக்கூடங்களைக் கண்காணிக்கிற கே.எச்.டி.ஏ. போட்ட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை ஒண்ணு விடாம படிச்சு, ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு வரும்னு விசாரிச்சு, அப்புறம்தான் சேர்த்தோம்.

லீவுக்கு இப்ப மடிப்பாக்கம் வந்திருக்கோம். காலையில அவனை எழுப்பிக் கேட்டேன். நூத்திப் பத்தொன்பதுன்னான். சார் அந்த வரியைத் திரும்பப் பெறணும்.

மாம்பலம் கணக்கு:
கேட்ட உடனே சொன்னானா, யோசிச்சுச் சொன்னானா மேடம்? அதை மட்டும் எழுதலையே.

மேற்கு மாம்பலத்துல 22 வருஷமா டியூஷன் எடுக்கறேன். வளைகுடாவுலேர்ந்து பதினொண்ணாவதுக்குத் திரும்பி வர்ற பிள்ளைங்க வருஷத்துக்கு நாலஞ்சு பேர் என்கிட்ட வர்றாங்க. நல்ல பிள்ளைங்க, நல்ல இங்கிலீஷ். பின்னத்தைக் கழின்னா கை தானா பையைத் தேடுது. கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்.

பெருங்குடி அப்பா:
முதல்ல "இன்டர்நேஷனல் ஸ்கூல்"னா எதுன்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாமே. துபாய்ல சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்துக்கும் பேர்ல இன்டர்நேஷனல்னு இருக்கும். கேம்பிரிட்ஜ் வேற, ஐ.பி.ங்கற இன்டர்நேஷனல் பாக்கலாரியட் வேற, அமெரிக்கன் வேற. நாங்க சிங்கப்பூர்ல ஒன்பது வருஷம் இருந்தோம், என் பொண்ணு அங்க ஐ.பி. டிப்ளமா முடிச்சா. அதுல கணக்கு ரெண்டு வகை. "அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்" எடுத்தா முதல் தாளுக்குக் கால்குலேட்டரே கிடையாது. "அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரெடேஷன்" எடுத்தாத்தான் எல்லாத் தாளுக்கும் உண்டு. இன்ஜினீயரிங் போற பிள்ளை முதல் வகையை எடுக்கணும். பதினொண்ணாவது ஆரம்பத்துலயே பெத்தவங்க கவனிக்க வேண்டிய விஷயம் அது.

மாம்பலம் கணக்கு:
ஆக, உண்டுன்னு ஒத்துக்கறீங்க.

பெருங்குடி அப்பா:
ஒரு வகைக்கு உண்டுன்னு சொன்னேன் சார். நான் எழுதினதுல பாதியைத்தான் படிச்சிருக்கீங்க.

மாம்பலம் கணக்கு:
உண்டா இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. பிரிட்டிஷ் பாடத்திட்டத்துல பத்தாவது அளவுல எழுதற ஐ.ஜி.சி.எஸ்.இ. கணக்குல ரெண்டு தாளுக்கும் கால்குலேட்டர் வச்சுக்கிட்டு எழுதின பிள்ளைங்களுக்குத்தான் நான் பாடம் எடுத்தேன். சி.பி.எஸ்.இ. போர்டு பரீட்சையில எடுத்துட்டுப் போக முடியுமா? ஜே.இ.இ.-யில முடியுமா?

தேரா துபாய் அம்மா:
2025 பரீட்சையிலேர்ந்து கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. கணக்குல கால்குலேட்டர் இல்லாத தாள் ஒண்ணு வந்தாச்சு. பழைய கதையை வச்சுக்கிட்டு இன்னைக்குப் படிக்கிற பிள்ளைங்களை ஏன் சார் மட்டம் தட்டறீங்க?

மாம்பலம் கணக்கு:
2025-ல ஏன் கொண்டுவந்தாங்க? அது இல்லாம பிள்ளைங்க கெட்டுப் போறாங்கன்னு அவங்களுக்கே புரிஞ்சதாலதானே! 22 வருஷமா நான் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் கேம்பிரிட்ஜ்காரன் இப்ப செஞ்சிருக்கான். என் பக்கம் சாட்சி சொன்னதுக்கு நன்றி மேடம்.

நங்கநல்லூர் புதுசு:
எல்லாருக்கும் வணக்கம், நான் புது ஆளு. வீட்டுக்காரருக்குத் துபாய் மாற்றல் வந்திருக்கு, ஜூலையில கிளம்பணும். பையன் இங்க சி.பி.எஸ்.இ.-ல அஞ்சாவது முடிச்சு ஆறாவது ஆரம்பிச்சிருக்கான். மூணு வருஷ கான்ட்ராக்ட், அப்புறம் சென்னைக்கே வந்துருவோம். பிரிட்டிஷ் ஸ்கூல்ல சேர்த்தா திரும்பி வந்து ஒன்பதாவதுல சி.பி.எஸ்.இ. கஷ்டமா இருக்குமா? இல்லை இந்தியன் ஸ்கூல்ல சீட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெருங்குடி அப்பா:
மாம்பலம் சார், ஒண்ணு கேக்கறேன். நீங்க பிளஸ் டூ எழுதறப்ப கையில கிளார்க்ஸ் டேபிள்ங்கற லாகரிதம் அட்டவணைப் புத்தகம் வச்சிருந்தீங்களா இல்லையா? லாகரிதம் பார்த்துத்தானே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கணக்கெல்லாம் போட்டீங்க? உங்க காலத்துக் கால்குலேட்டர் அதுதான். புத்தகமா இருந்தா புத்திசாலித்தனம், பொத்தான் இருந்தா மட்டமா?

மாம்பலம் கணக்கு:
இதை எழுத எப்படி மனசு வந்துச்சு? கிளார்க்ஸ் டேபிள் பார்க்கறவனுக்கு லாகரிதம்னா என்னன்னு தெரியணும். காரக்டரிஸ்டிக்கைத் தானே கண்டுபிடிக்கணும். மேன்டிஸாவைத் தேடணும், மீன் டிஃபரன்ஸைக் கூட்டணும், அப்புறம் ஆன்டிலாக். ஒரு இடத்துல புள்ளி தப்பினா விடையே பத்து மடங்கு மாறிடும். பொத்தானை அமுக்கறவனுக்கு இதுல என்ன தெரியும்?

எங்கப்பா பாரிமுனையில ஒரு கடையில கணக்கு எழுதினவர். மூணு பத்தியை ஒரே மூச்சுல கூட்டுவார். ராமானுஜன் 1912-ல இதே சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா உட்கார்ந்திருந்தார். எந்தப் பொத்தான் இருந்துச்சு அவர்கிட்ட? அந்த ஊர்ல பிறந்துட்டு இப்படிப் பேசறோம்.

பெருங்குடி அப்பா:
ராமானுஜனை எல்லாத்துக்கும் இழுக்காதீங்க. சிங்கப்பூர்ல ஆறாவது முடிக்கிறப்ப எழுதற பி.எஸ்.எல்.இ. கணக்குப் பரீட்சையில ரெண்டாம் தாளுக்கு 2009-லேர்ந்து கால்குலேட்டர் உண்டு. பல நாட்டுப் பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களை ஒப்பிடற பிசா தேர்வுல, 2022-ல, அதே சிங்கப்பூர் கணக்குல 575 புள்ளி வாங்கி உலகத்துலயே முதல் இடம். 2009 சுற்றுல இந்தியா சார்பா எழுதினது தமிழ்நாடும் ஹிமாச்சலும். 74 இடங்கள்ல கடைசி மூணுக்குள்ள வந்தோம். கால்குலேட்டர் இல்லாம வளர்ந்த நம்ம பிள்ளைங்கதான் அதை எழுதினாங்க.

மாம்பலம் கணக்கு:
ஆஹா, ஊர் மாறினதும் சொந்த ஊரைக் கேவலப்படுத்தற பழக்கம் எப்படி வருது பாருங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க பழக்கமே இல்லாத மாதிரிக் கேள்வியைப் பார்த்து எழுதினாங்க. அதைக் குத்திக்காட்ட உங்களுக்கு வாய் வருதா? நானும் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிச்சவன்தான்.

பெருங்குடி அப்பா:
நானும் அரசுப் பள்ளிதான் சார். செங்கல்பட்டுப் பக்கம். அதனாலதான் வலிக்குது, அதனாலதான் சொல்றேன்.

அடையாறு பாட்டி:
கால்குலேட்டர் கால்குலேட்டர்னு அடிச்சிக்கறீங்களே, பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியுமான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? என் பேரன் அபுதாபியில அமெரிக்கன் ஸ்கூல்ல படிக்கிறான். அரபு எழுதறான், பிரெஞ்சு பேசறான். நான் போட்ட பிறந்தநாள் கடுதாசியை அவங்கம்மா படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு. தமிழ் இருக்கற ஸ்கூலாப் பாருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை.

தேரா துபாய் அம்மா:
அம்மா, அங்க தனியார் பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் அரபு கட்டாயம். தமிழ் சில இந்தியன் ஸ்கூல்ல மட்டும்தான் இருக்கு, பல இடத்துல ஹிந்தி, மலையாளம், பிரெஞ்சு. நான் தமிழ் இணையக் கல்விக்கழகத்துப் பாடத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே உட்கார்ந்து சொல்லித் தர்றேன். உங்க மருமகளையும் குறை சொல்லாதீங்க, வேலைக்குப் போயிட்டு வந்து ஓய்ஞ்சு போயிருப்பாங்க.

அடையாறு பாட்டி:
மருமகளை நான் எங்கே சொன்னேன்? என் பொண்ணும்மா அவ. வாயில வார்த்தையைத் திணிக்காதே.

பெருங்குடி அப்பா:
சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல தாய்மொழிப் பாடமாவே படிக்கலாம், பி.எஸ்.எல்.இ.-லயும் எழுதலாம். பாட்டி சொல்றது சரிதான், ஊரைப் பொறுத்தது.

மாம்பலம் கணக்கு:
தமிழ்லயே கேக்கறேன். பதினேழேழு எவ்வளவு? தமிழ் வாய்ப்பாடு ஒப்பிச்சிருந்தா ரெண்டு பிரச்சினையும் ஒண்ணாத் தீர்ந்திருக்கும் பாட்டி.

மியூனிக் மயிலாப்பூர்:
நான் வேற மாதிரி சொல்றேன். இன்டர்நேஷனலே எதுக்கு? நாங்க இங்க உள்ளூர் அரசுப் பள்ளியில பொண்ணைப் போட்டுட்டோம். கட்டணம் கிடையாது. ஆனா நாலாவது முடிவுலயே பிரிச்சிடறாங்க. ஜெர்மன், கணக்கு, சமூகமும் அறிவியலும் சேர்ந்த பாடம் மூணுக்கும் சராசரி 2.33-க்குள்ள வந்தாத்தான் மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல ஜிம்னாசியத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தயார் பண்ற மேல்நிலைப் பள்ளிக்கு, நேரா போகலாம். இங்க 1-தான் உசந்த மார்க். பத்து வயசுல இவ்வளவு பாரம், அதுவும் வீட்ல பேசாத மொழியில. அந்தப் பயத்துலதான் கம்பெனிக்காரங்க பலர் இன்டர்நேஷனல் பக்கம் ஓடறாங்க. பெருமைக்குன்னு பொத்தாம் பொதுவாச் சொல்றது தப்பு.

மாம்பலம் கணக்கு:
ஜெர்மனியில எத்தனாவதுலேர்ந்து கால்குலேட்டர்?

மியூனிக் மயிலாப்பூர்:
என் பொண்ணு மூணாவது சார். நான் பேசினது அதைப் பத்தி இல்லை.

மாம்பலம் கணக்கு:
யாரும் அதைப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க. அதான் எனக்கு வருத்தம்.

தேரா துபாய் அம்மா:
உங்க வருத்தம் எதுன்னு எனக்குத் தெரியும் சார். என் நாத்தனார் பொண்ணு உங்ககிட்டதான் டியூஷன் வந்தா. இங்க படிக்கிற பிள்ளைக்கு மாசம் 4,000, வெளிநாட்டுலேர்ந்து வந்த பிள்ளைன்னா 7,000. ஏன்னு கேட்டதுக்கு "அடித்தளமே இல்லை, ரெண்டு மடங்கு உழைக்கணும்"னீங்க. இன்டர்நேஷனல் ஸ்கூல் நல்லா இல்லைன்னு சொல்லச் சொல்ல உங்களுக்குத்தானே லாபம்?

மாம்பலம் கணக்கு:
இந்தப் பழியை நான் எதிர்பார்க்கலை. 7,000-ங்கறது தனி வகுப்பு, வாரத்துல அஞ்சு நாள். 4,000-ங்கறது எட்டுப் பேர் இருக்கற பேட்ச். போன வருஷம் அப்பா இல்லாத ரெண்டு பிள்ளைங்களுக்குச் சும்மாதான் எடுத்தேன், அதை இங்க வந்து தம்பட்டம் அடிச்சேனா? உங்க நாத்தனார் பொண்ணு ஆறு மாசத்துல நின்னுட்டா. ரெண்டு மாச ஃபீஸ் இன்னும் பாக்கி. அதையும் எழுதுங்க.

தேரா துபாய் அம்மா:
பாக்கியெல்லாம் இல்லை. ஜிபே பண்ண ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

மாம்பலம் கணக்கு:
போடுங்க பார்க்கலாம்.

பெருங்குடி அப்பா:
தயவுசெஞ்சு உருப்படியான விஷயத்துக்கு வருவோம். கால்குலேட்டரைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்றதில்லை. ஐ.பி. டிப்ளமாவுல ஆறு பாடம். கலைப் பாடத்தை விட்டுட்டு ரெண்டாவதா ஒரு அறிவியல் எடுத்துக்கலாம். அதனால கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் கிடைக்கும், இன்ஜினீயரிங்குக்குப் பிரச்சினை இல்லை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணையும் வழக்கமான டிப்ளமாவுல எடுக்க முடியாது. இங்க வந்து மருத்துவம் படிக்கணும்னா அந்த மூணும் வேணும். டாக்டர் கனவு இருக்கற வீட்ல ஐ.பி.-ல சேர்க்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல்கிட்ட எழுத்துல கேட்டுடுங்க. என் மச்சான் வீட்ல பதினொண்ணாவது பாதியில தெரிஞ்சு அந்தப் பொண்ணு அழுத அழுகை எனக்கு மறக்கலை.

இன்னொண்ணு, மே மாசம் எழுதினா ஐ.பி. ரிசல்ட் ஜூலை முதல் வாரம்தான் வரும். அதுக்குள்ள இங்க கவுன்சலிங் விண்ணப்பமெல்லாம் ஓடிக்கிட்டிருக்கும். எட்டாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டுல படிக்காத பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டும் வேணும். தாசில்தார் ஆபீஸுக்கு முன்னாடியே போயிடணும்.

தேரா துபாய் அம்மா:
வளைகுடாவுல வேலை பார்க்கறவங்க பிள்ளைங்களுக்கு என்.ஐ.டி.-ல தனி இடம் இருக்கு. தாசாங்கற வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத் திட்டம் வழியாப் போற மத்தவங்க மாதிரி டாலர்ல கட்ட வேண்டாம், இங்க உள்ளவங்க கட்டற டியூஷன் ஃபீஸ்தான். பதினொண்ணும் பன்னெண்டும் அங்கேயே படிச்சிருக்கணும். பத்தாவது முடிச்சதும் அவசரப்பட்டுப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிடறவங்க இதை யோசிக்கறதே இல்லை.

மாம்பலம் கணக்கு:
அந்த இடம் இப்ப எதை வச்சுக் கிடைக்குது? முன்னாடி சாட்ங்கற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத்தேர்வு மார்க் வச்சுக் கொடுத்தாங்க. 2021-லேர்ந்து ஜே.இ.இ. மெயின். ஜே.இ.இ. மெயின்ல கால்குலேட்டர் உண்டா மேடம்?

தேரா துபாய் அம்மா:
என் பையனுக்கு 12 வயசு சார்.

மாம்பலம் கணக்கு:
உண்டா, இல்லையா?

பெருங்குடி அப்பா:
அதுல இல்லை. ஆனா தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வே 2007-ல போயிடுச்சு. பன்னெண்டாவது மார்க் மட்டும்தான். உங்க வாதத்தை அங்கே கொண்டுபோய் வைங்க.

மாம்பலம் கணக்கு:
"அதுல இல்லை"ன்னீங்களே, அது போதும் எனக்கு.

நங்கநல்லூர் புதுசு:
மன்னிக்கணும், என் கேள்வியை யாராவது பார்த்தீங்களா? ஆறாவது, துபாய், மூணு வருஷம். ஸ்கூல்ல சீட்டுக்கு முன்பணம் கட்டறதுக்கு வர்ற வியாழக்கிழமை கடைசி நாள்.

அடையாறு பாட்டி:
கட்டும்மா. தமிழ் இருக்கான்னு மட்டும் கேட்டுட்டுக் கட்டு.

மாம்பலம் கணக்கு:
நங்கநல்லூர் மேடம், எங்க வேணும்னாலும் சேருங்க, நான் தடுக்கலை. பையனுக்கு இருபது வரைக்கும் வாய்ப்பாடு தெரியுமா? அதைச் சொல்லுங்க முதல்ல, மத்தது அப்புறம் பேசலாம்.

தேரா துபாய் அம்மா:
நங்கநல்லூர், அவருக்குப் பதில் சொல்லாதீங்க, எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. சார், நீங்க இன்னும் அந்த வரியைத் திரும்பப் பெறலை. ஜிபே ஸ்க்ரீன்ஷாட் கீழே போட்டிருக்கேன், தேதியைப் பாருங்க.

மாம்பலம் கணக்கு:
பார்த்தேன். இது ஒரு மாசத்துக்குத்தான். இன்னொரு மாசம் எங்கே? உங்க பையன் எத்தனை நொடியில சொன்னான்னும் நீங்க இன்னும் எழுதலை.