மறு: ஃபீட் என்பதற்கு ஓடையா, ஊட்டமா? 'மடை' என்று ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக நீளும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செய்தி வாசிக்கும் கட்டற்ற செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ஃபீட்' என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றை இத்தகைய செயலிகள் எடுத்துக் காட்டுவதற்காக அந்தத் தளம் தரும் பட்டியல்தான் ஃபீட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இந்த இழையின் கேள்வி. பாதிப் பொத்தான்களில் அதுதான் வருகிறது.

> செய்தியோடை என்று வலைப்பதிவுக் காலத்திலிருந்தே எழுதுகிறோம். இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி, ஐயா. போன வாரம் வரை நானும் அப்படித்தான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மாமா காலையில் கைப்பேசியில் நாலு செய்தித் தளம் பார்ப்பார். ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து, நேற்றுப் படித்ததையே மறுபடி தள்ளிக்கொண்டு, புதியது எங்கே என்று தேடுவார். அவருக்கு இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, "இதுக்குப் பேரு செய்தியோடை மாமா" என்றேன். "நேரலையா? நெட்டு தீந்துருமேப்பா" என்று கைப்பேசியைத் தள்ளி வைத்தார். ஓடை என்றதும் அவர் மனத்தில் ஓடியது வீடியோ. அதில் தப்பில்லை. ஸ்ட்ரீமிங்குக்கும் நம்மில் பலர் ஓடை என்றே எழுதுகிறோம்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தாலும் ஓடை பொருந்தவில்லை. இங்கே எதுவும் தானாக ஓடி வருவதில்லை. தளம் தன் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை வைத்திருக்கிறது. அண்மையில் வெளியான செய்திகளின் தலைப்பு, சுட்டி, தேதி, சில வரிச் சுருக்கம், பெரும்பாலும் அவ்வளவுதான் அதில் இருக்கும். நம் செயலி மணிக்கொரு தரமோ நாம் சொன்ன நேரத்திலோ போய், "போன தடவை நான் பார்த்த பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் வழங்கி, அதாவது தளம் இருக்கும் கணினி, 'மாற்றமில்லை' என்று பொருள்படும் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும், கோப்பைக்கூட அனுப்பாது. மாமாவின் நெட் தீராததற்கு இதுவே காரணம். இதை விளக்கியதும் அவர் சொன்னார்:

"அப்பத் தண்ணி அங்கன நிக்கிது. நாமதான் போயி மடையைத் தொறக்கணும். வேணாம்னா அடைச்சுப்புடலாம். அதான?"

அதேதான். எங்கள் சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனம். வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். வரப்பில் ஒரு வெட்டு வெட்டி ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்துப் போட்டால் தண்ணீர் நம் வயலுக்குள் திரும்பும். பாய்ந்தது போதும் என்றால் அதே மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துவிடுவோம். அந்த வாய்தான் மடை. எந்த வயலுக்கு எப்போது என்பது மண்வெட்டி பிடித்தவர் கையில். சமூக ஊடகத்தில் நமக்கு எது தெரிய வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். இங்கே நாம் திறந்த மடையிலிருந்து மட்டும், வெளியான வரிசையிலேயே வருகிறது. நான் இந்தச் செயலிக்கு நேரம் செலவழிப்பதே அதற்காகத்தான். அந்த உரிமை பெயரிலேயே தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

> ஊட்டம்தான் நேர்ப்பொருள். பின்னூட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதே.

அக்கா, ஃபீட்பேக்குக்குப் பின்னூட்டம் என்பது நிலைத்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் தனியாக 'ஊட்டம்' என்றால் ஊட்டச்சத்துதான் நினைவுக்கு வருகிறது. 'புதிய ஊட்டம் சேர்' என்ற பொத்தானைக் குழந்தை உணவுச் செயலியில்தான் எதிர்பார்ப்போம். ஊட்டு என்ற வினையில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒருவர் ஊட்ட, நாம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறோம் என்றாகிறது. நீங்கள் தேடும் உணவுப் பொருள் மடையிலும் இருக்கிறது. மடை என்றால் சோறு, படையல். மடைப்பள்ளி என்று கோயில் சமையற்கட்டைச் சொல்கிறோம். தெற்கே சாமிக்கு மடை போடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லில் உணவும் நீர்வழியும் ஒன்றாக இருப்பதுபோலத் தமிழிலும் ஒரே ஒலியில் இரண்டும் அமைந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

'வரத்து' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அருமையான சொல். நீர்வரத்து, காய்கறி வரத்து என்று தினமும் புழங்குகிறோம். ஆனால் அது வந்த சரக்கைக் குறிக்கிறதே தவிர, வருகிற வாயை இல்லை. அதனால் அதை விடாமல், படிக்காத புதிய உருப்படிகளுக்கு 'புதுவரத்து' என்று வைத்திருக்கிறேன்.

ஃபீட் கோப்பை எழுதும் வடிவத்துக்கு ஆர்.எஸ்.எஸ் என்று பெயர். அந்தச் சுருக்கத்தை மொழிபெயர்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அதற்கே மூன்று விரிவுகள். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் வெளியிட்டபோது ஆர்டிஎஃப் சைட் சம்மரி, அதே ஆண்டு ஜூலையில் ரிச் சைட் சம்மரி, 2002-இல் 2.0 பதிப்பில் ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். 2005-இல் ஆட்டம் (Atom) என்ற இன்னொரு வடிவமும் தரமாகிவிட்டது. பயனருக்கு இவை எல்லாம் ஒன்றுதான். தவிர, ஆர்.எஸ்.எஸ் என்றால் நம் நாட்டில் முதலில் காதில் விழுவது வேறு.

'செய்தி' என்ற முன்னொட்டும் வேண்டாம் என்பேன். பாட்காஸ்ட் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது. யூடியூப் அலைவரிசைக்கும் இது உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலநடுக்கத் தகவலையும் இப்படித் தருகிறது. இதையெல்லாம் செய்தியோடை என்றால் பாதிதான் பொருந்தும். தேவைப்படும் இடத்தில் செய்திமடை, ஒலிமடை என்று சேர்த்துக்கொள்ளலாம்.

> மடை என்றால் 'மடையன்' என்று கேலி செய்ய மாட்டார்களா?

செய்யலாம். ஆனால் 'மடை திறந்த வெள்ளம்', 'கடைமடை வரை தண்ணீர்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை. ஆளைக் குறிக்கும் பெயரை மட்டும் இதிலிருந்து ஆக்காமல் இருப்போம். 'சப்ஸ்கிரைபர்' வரும் இடத்தில் வாசகர் போதும். சந்தாதாரர் வேண்டாம். சந்தா என்றால் காசு கட்ட வேண்டுமோ என்று மாமாவே கேட்டுவிட்டார்.

செயலியில் இப்போது இருப்பவை: மடை சேர், மடை நீக்கு, மடைகளைப் புதுப்பி, எல்லாம் படித்தாயிற்று. பல தளங்களின் பதிவுகளை ஓரிடத்தில் காட்டுவதற்குத் 'திரட்டி' அப்படியே இருக்கட்டும். 2004-இல் வந்த தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி பதிய வைத்த சொல் அது, அதைத் தொடவே கூடாது. செயலியின் உதவிப் பக்கத்தில் செய்தியோடை என்று தேடினாலும் மடைக்குப் போகும்படி வைத்துவிடுகிறேன். பழகியவர்கள் வழி தவறக் கூடாது.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஐயா எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தார். ஆண்ட்ராய்டு என்றால் ஃபீடர், ஐபோனுக்கும் மேக்குக்கும் நெட்நியூஸ்வயர், மற்றக் கணினிகளில் தண்டர்பேர்டு. மூன்றும் இலவசம். தளத்தின் முகவரியை ஒட்டினாலே பெரும்பாலும் மடையைச் செயலியே கண்டுபிடித்துவிடும். அகப்படாவிட்டால், வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். முதல் வாரம் ஐந்து மடைக்கு மேல் வேண்டாம். பிபிசி தமிழ் ஒன்று, உங்களுக்குப் பிடித்த வலைப்பதிவு இரண்டு, இப்படி. நாளிதழ் என்றால் முழுத் தளத்தையும் சேர்க்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் வயல் மூழ்கிவிடும். மாதம் ஒருமுறை உங்கள் மடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (இப்படிப்பட்ட செயலிகளுக்கிடையே பட்டியலை மாற்றிக்கொள்ளும் வடிவம்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலை 1-இல் கூகுள் ரீடர் என்ற மடை வாசிப்புச் சேவை மூடப்பட்டபோது பலர் வேறு செயலிக்கு மாறியது அந்தக் கோப்பை வைத்துத்தான்.

மொழிபெயர்ப்புக் கோப்பை ஞாயிறு இரவு அனுப்ப வேண்டும். 'ரெஃப்ரெஷ் இன்டர்வல்' என்பதற்கு 'மடை பார்க்கும் இடைவெளி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். பொத்தானுக்கு நீளம். தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் யாராவது, முறைவைத்துத் தண்ணீர் விடும் இடைவெளிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுதினால் அதையே போட்டுவிடுவேன்.

அன்புடன்.