ஹைபிரிட் கார் வாங்கினால் வேகத்தை இழக்க நேருமா?

கேள்வி:
வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் என் டர்போ பெட்ரோல் கார் லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைபிரிட் வாங்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது புரிகிறது. ஆனால், மிதித்தவுடன் பாய்கிற சுகம் போய்விடுமோ என்று தயங்குகிறேன்.

பதில் 1:
ஐயா, நான் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஓட்டுகிறேன். மின்மோட்டார் சுழலத் தொடங்கும்போதே தன் முழு முறுக்குவிசையான (சக்கரத்தைச் சுழற்றும் விசை) 253 நியூட்டன் மீட்டரையும் தந்துவிடுவதால், டைடல் பார்க் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஓசையின்றி முன்னே நழுவிவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி முந்தும்போதோ எஞ்சின் இரைகிறதே தவிர, ஸ்போர்ட்ஸ் காரின் பாய்ச்சல் வருவதில்லை. அறிமுகத்தின்போது அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர், எனக்கு நகருக்குள் 20 கிடைக்கிறது, அதுவே நிறைவு.

பதில் 2:
ஹைபிரிட் என்றாலே வேகம் குறைவு என்று கொள்ள வேண்டாம். 2013இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 918 ஸ்பைடர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஹைபிரிட்தான், 2.6 வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதில் மோட்டாரின் முதல் வேலை எஞ்சினுக்கு வலுச் சேர்ப்பது. நாம் வாங்கக்கூடிய கார்களிலோ, பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து மீண்டும் பயன்படுத்துவது. ஆகவே நின்று நின்று நகரும் உங்கள் வழித்தடத்தில்தான் லாபம் அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓட்டினால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சோதனை ஓட்டத்தை மாலை நெரிசல் நேரத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறேன்.