கரண்டைக்கால் வெளிப்பக்கம் வலி, காவலர் தேர்வு ஓட்டம் வருகிறது. உதவுங்கள்

நாயுடுபுரம் பையன்:
வணக்கம். ஊர் கொடைக்கானல். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத் தினமும் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு, சுமார் 5 கி.மீ. ஏரி எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். ஞாயிறானால் அப்சர்வேட்டரி மேடு ஏறி இறங்குவேன். இப்போது வலது கரண்டைக்கால் வெளிப்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது தெரியும், உடம்பு சூடானதும் குறையும், சாயங்காலம் படி இறங்கினால் திரும்ப வந்துவிடும். போன மழைக்காலத்தில் இதே கால் பிசகியது, தானாகச் சரியானது. நீலகிரித் தைலம், கிரேப் பேண்டேஜ் எல்லாம் பார்த்தாச்சு. சுளுக்கு வழிக்கலாம் என்கிறார் அம்மா. போகலாமா?

மேட்டுத்தெரு அண்ணன்:
வேண்டாம் தம்பி. என்ன கோளாறு என்று தெரியாமல் அழுத்தி உருவக் கூடாது. உன் ஷூவை மேசைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் முதலில் அதை மாற்று.

பிசியோ அக்கா:
ஷூ அப்புறம். முதலில் ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டு தம்பி. கரண்டையில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

கரண்டையின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மொழி எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் இரண்டு தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறுகள், ஓடுகின்றன. பாதம் வெளிப்பக்கமாகப் புரளாமல் பிடித்து நிறுத்துவது இவைதான். வலி அந்தப் பள்ளத்தில் என்றால் சந்தேகம் இவைமேல். எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே என்றால் பழைய பிசகில் இழுபட்ட தசைநார், எலும்போடு எலும்பைக் கட்டுவது. உள்பக்க மொழிக்குப் பின்னால் வலித்து, ஒற்றைக் காலில் குதியைத் தூக்கவும் முடியாவிட்டால் அது வேறு தசைநாண், பாத வளைவைத் தாங்குவது.

பயப்பட வேண்டியது எலும்புமேல் வலி. விரல்நுனி அளவு இடத்தில் அழுத்தினால் சுருக்கென்கிறது, நொண்டி அடித்தால் குத்துகிறது, ராத்திரி படுத்தாலும் விடுவதில்லை என்றால் எலும்பில் நுண்கீறல் இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்து. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு, அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்பவும் ஓடிவிடாதே. கால் புதிதாகப் பிசகி நாலடிகூட நடக்க முடியாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.

நாயுடுபுரம் பையன்:
தொட்டுப் பார்த்தேன் அக்கா. அந்தப் பள்ளத்தில்தான். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, கையால் எதிர்த்துத் தள்ளினால் அங்கேயே இழுக்கிறது. எலும்புமேல் ஒன்றுமில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

பிசியோ அக்கா:
அப்போது தசைநாண்தான் என்று படுகிறது. நேரில் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். நீ ஓடும் இடங்களில் ரோடு ஏரிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று கவனி. இருந்தால் உன் வலது கால் எப்போதும் தாழ்ந்த பக்கம், அது வெளியே புரளப் பார்க்கும், அந்த நாண்கள் ஒவ்வோர் அடியிலும் இழுத்துப் பிடிக்கும். பிசகினபோது பலம் திரும்பப் பயிற்சி செய்யாததும் சேர்ந்துகொண்டது.

ஏரி ரவுண்டையும் மேட்டையும் கொஞ்ச நாள் விடு. சமதரை மைதானத்தில் பாதி தூரம், மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தூரத்தைக் குறை. ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் மெதுவாக இழு, ஒற்றைக் காலில் நில், குதி தூக்கி இறக்கு. பிறகு ஏரிக்குப் போனால் திசையை மாற்றி மாற்றி ஓடு. எதிர்த்திசையில் மட்டுமே ஓடினால் அடுத்தது இடது கால்தான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே.

ஊட்டிக்காரர்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பின்பக்கம், குதிகாலுக்கு நான்கு விரற்கடை மேலே. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது விறைப்பு. தொட்டபெட்டா ரோட்டில் ஏறி ஓடுவேன்.

பிசியோ அக்கா:
அது குதிநாண், அண்ணா. மேடேறும்போது அதற்குத்தான் சுமை அதிகம். ஏற்றத்தைக் குறைத்து, குதி தூக்கும் பயிற்சியை மெதுவாகச் செய்யுங்கள். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? அவை இந்த நாணைப் பாதிக்கக்கூடியவை. சாப்பிட்டிருந்தால் ஓடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊட்டிக்காரர்:
போன மாதம் காய்ச்சலுக்கு ஏதோ ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நாளைக்கே போகிறேன்.