ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் நோட்டீஸ்) வந்திருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் மனைவியின் பெயரே இல்லை: என்ன செய்வது?

பாலாற்றங்கரை (ஆகஸ்ட் 14)

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். 2020 அக்டோபரில், வேலை வழி கிரீன் கார்டின் ஈபி-3 பிரிவில் இந்தியர்களுக்கான வரிசைத் தேதி முன்னேறியபோது நானும் மனைவியும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போட்டோம். ஐந்து வருடம் அசையாமல் கிடந்த கோப்பு, இப்போது இரண்டே வாரத்தில் மூன்று காகிதங்களாக வந்து நிற்கிறது. மூன்றையும் பலமுறை படித்துவிட்டேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது.

முதலில் வந்தது, அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் எங்கள் கோப்பை வேறு மையத்துக்கு மாற்றிவிட்டதாக ஓர் அறிவிப்பு. அடுத்து, ஆகஸ்ட் 27 அன்று இருவரும் கைரேகை கொடுக்க வர வேண்டும் என்று ஒன்று. 2021-லேயே கொடுத்துவிட்டோமே, மறுபடி ஏன்? இந்த இரண்டின் மேலும் பெரிய எழுத்தில், இந்த அறிவிப்பு எந்தக் குடியேற்ற நிலையையும் பலனையும் வழங்காது என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் மனைவி அழுதுவிட்டாள், விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து.

மூன்றாவதுதான் ஆர்எஃப்இ. ஆகஸ்ட் 4 தேதியிட்டது. கம்பெனி வக்கீலுக்கு அசல் போயிருக்கிறது, எங்களுக்கு நகல். மூன்று விஷயம் கேட்கிறார்கள்: இருவருக்கும் மெடிக்கல் பரிசோதனை அறிக்கை (2020-இல் வைக்கவில்லை), என் வேலையைக் கம்பெனி உறுதி செய்யும் சப்ளிமெண்ட் ஜே படிவம், அப்புறம் மனைவியின் பிறப்புச் சான்றிதழ். அவள் பிறந்தது 1988. எங்கள் ஊர் நகராட்சியில் அப்போதே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பெயர் என்ற இடம் காலி. 'பெண்' என்று மட்டும் இருக்கிறது. அப்பா அம்மா பெயர், தேதி எல்லாம் சரியாக உள்ளன.

என் யோசனை இது. மெடிக்கலும் சப்ளிமெண்ட் ஜேயும் இந்த மாதமே தயாராகிவிடும், அதை உடனே அனுப்பிவிடலாம். சான்றிதழ் வாங்க மனைவியே ஊருக்குப் போய் வரட்டும், கையில் கிடைத்ததும் அதைத் தனியாக அனுப்பலாம். இது சரியா? கடைசித் தேதி அக்டோபர் 30 என்று போட்டிருக்கிறது.

வடக்கு டெக்சாஸ்

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்று. இரண்டாகப் பிரித்து அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆர்எஃப்இக்குப் பதில் ஒரே ஒரு முறைதான். பாதியை அனுப்பினால், 'என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இதை வைத்தே முடிவு சொல்லுங்கள்' என்று நீங்கள் கேட்டுக்கொண்டதாகவே விதி எடுத்துக்கொள்ளும். மீதி வரும் வரை அந்த அதிகாரி காத்திருக்கத் தேவையில்லை. இது உங்கள் நோட்டீஸிலேயே இருக்கும், கடைசிப் பக்கங்களில் தேடிப் பாருங்கள். எல்லோரும் முதல் பக்கத்தைப் பத்து முறை படிக்கிறார்கள், அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 30 எப்படி வந்தது என்றால், ஆர்எஃப்இக்கு அதிகபட்சம் 84 நாள், தபாலுக்கு 3 நாள், மொத்தம் 87. அந்தத் தேதிக்குள் உங்கள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. நீட்டிப்புக் கேட்க வழியில்லை. பதிலே போகவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி நிராகரிக்கலாம்.

மாற்றல் அறிவிப்புக்குப் பயப்பட எதுவும் இல்லை. வேலைப் பளுவைப் பங்கிடக் கோப்பை இடம் மாற்றுவது வழக்கம். ரசீது எண் அப்படியே இருக்கும். எம்எஸ்சி என்று தொடங்கினால் முதலில் தேசியப் பயன்கள் மையத்தில் பதிவானது, எல்ஐஎன் என்றால் நெப்ராஸ்கா, எஸ்ஆர்சி என்றால் டெக்சாஸ். கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை அந்த எழுத்து சொல்லாது, முதலில் எங்கே பதிவானது என்பதைத்தான் சொல்லும். பதிலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு ஆர்எஃப்இயில் அச்சிட்ட முகவரியை மட்டும் பாருங்கள். பழைய ரசீதில் இருக்கும் முகவரி வேண்டாம்.

பெரிய எழுத்து வரியைப் பற்றி: அது எல்லா ஐ-797சி காகிதத்திலும் இருக்கும். ஐ-797 என்பது அவர்கள் அனுப்பும் அறிவிப்புகளுக்கு ஒரு குடும்பப் பெயர் மாதிரி. கடைசி எழுத்தைப் பாருங்கள். சி என்றால் ரசீது, மாற்றல், கைரேகை போன்ற தகவல் அறிவிப்பு. இ என்றால் ஆதாரம் கேட்பது. ஏ என்றால் எச்-1பி வேலை விசா மாதிரி ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்து, அடியில் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) ஒட்டி வருவது. 'பலன் வழங்காது' என்றால், இந்தக் காகிதத்தைக் காட்டி உரிமை எதுவும் கோர முடியாது என்றுதான் பொருள். உங்கள் விண்ணப்பத்தின் முடிவைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் மனைவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எச்4 அம்மா

மனைவி ஊருக்குப் போவது பற்றி யாரும் பேசவில்லையே, அதுதான் எனக்குப் பதறுகிறது. தம்பி, அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்? எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் நிலை) இன்னும் உயிரோடு இருக்கிறதா, இல்லை வேலை அனுமதி அட்டையான ஈஏடியை மட்டும் வைத்து இருக்கிறாரா? வெளிநாடு போய்த் திரும்பி வருவதற்கான முன் அனுமதி, அட்வான்ஸ் பரோல், கையில் உள்ளதா?

பாலாற்றங்கரை

அக்கா, எச்-4 முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஈஏடி வந்ததும் அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள், எச்-4ஐப் புதுப்பிக்கவில்லை. அட்வான்ஸ் பரோல் புதுப்பிக்கக் கொடுத்தோம், இன்னும் வரவில்லை.

எச்4 அம்மா

அப்படியானால் அவர் நாட்டை விட்டு வெளியே காலடி வைக்கக் கூடாது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் இல்லாமல் வெளியே போனால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும். எச்-1, எச்-4, எல் (கம்பெனிக்குள் இடமாற்றம்) போன்ற சில நிலைகளைச் சரியாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உங்கள் மனைவிக்கு அது கிடையாது. ஒரு சான்றிதழுக்காக ஐந்து வருடக் காத்திருப்பைத் தொலைத்துவிடாதீர்கள். டிக்கெட் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

அதோடு 27ஆம் தேதி கைரேகை வேறு இருக்கிறது. கைரேகை மூலம் எடுக்கும் பின்னணிச் சோதனை 15 மாதம்தான் செல்லும், அதனால்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள். கோப்பை யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல அறிகுறி. அந்த நோட்டீஸையும் பாஸ்போர்ட்டையும் கொண்டு போங்கள். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், குறித்த நேரத்துக்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே ஆன்லைன் கணக்கில் தேதி மாற்றிக் கேட்கலாம். சொல்லாமல் போகாமல் இருந்தால் அதையும் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கொங்குநாடன்

பிறப்புச் சான்றிதழுக்கு எளிய வழி இருக்கிறது. நகராட்சியில் 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வாங்குங்கள். அதோடு இரண்டு அஃபிடவிட். என் அண்ணன் அப்படித்தான் கொடுத்தார், ஒரு கேள்வியும் வரவில்லை.

தாமிரபரணி

கொங்குநாடன், உங்கள் அண்ணனுக்கு அது சரியாக இருந்திருக்கும். இவர்களுக்குச் சரிவராது. அந்தச் சான்று பதிவே இல்லாதவர்களுக்கு உரியது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்து, 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குப் பதிவு கிடையாது, அவர்கள் அப்படி வாங்குவார்கள். இவர் மனைவிக்கு 1988-இல் பதிவு இருக்கிறது. இருக்கிற பதிவை இல்லை என்று எழுதித் தர எந்த அலுவலரையும் கேட்கக் கூடாது. ஏற்கெனவே பெயரில்லாத சான்றிதழ் அவர்கள் கோப்பில் இருக்கும்போது, 'பதிவே இல்லை' என்று இன்னொரு காகிதம் போனால் இரண்டும் முரண்படும். அந்த முரணே ஒரு பெரிய சிக்கல்.

சரியான வழி பெயர் சேர்ப்பது. என் தங்கைக்கு இதே கதை. நம் ஊரில் குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விடும், பதிவு ஆகிவிடும். பெயர் வைப்பது அப்புறம்தான். பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லை, 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அதைத் தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்பு அவகாசம் தந்திருக்கிறது. இப்போது நடப்பில் என்ன என்பதை நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் நேரில் கேட்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டுத் தீராது. அம்மாவோ அப்பாவோ போகட்டும், கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்கள்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பழைய பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெயர் இருக்கும் முதல் மூன்றிலும் அது ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்க்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு பொருந்த வேண்டும். இனிஷியல் எங்கே வருகிறது என்பது உட்பட.

பெயர் சேர்த்த பிறகும் பதிவுத் தேதி 1988 என்றே இருக்கும். இது உங்களுக்குப் பெரிய பலம். பிறந்து பல வருடம் கழித்துப் பதிவு செய்தால்தான் கூடுதலாகச் சந்தேகம் வரும்.

கிராமத்தில் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: பழைய பதிவேடு விஏஓவிடம் இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பாலாற்றங்கரை

மாமியார் ஊரில்தான் இருக்கிறார். மாமனார் இல்லை. அவகாசத்துக்குள் நகராட்சியில் முடியாவிட்டால்?

தாமிரபரணி

அதற்கும் இப்போதே தயார் செய்யுங்கள், காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் கொடுத்த ரசீது, பெயரில்லாத சான்றிதழ், பள்ளி ஆவணங்கள், இரண்டு அஃபிடவிட். அஃபிடவிட்டை மாமியாரும் பிறந்த நேரத்தில் கூட இருந்த இன்னொருவரும் தரலாம். இரண்டு பேருக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்துக் கையெழுத்து வாங்காதீர்கள். அவரவர் முழுப் பெயர், முகவரி, அவர்கள் பிறந்த தேதியும் ஊரும், உங்கள் மனைவிக்கு என்ன உறவு, பிறப்பைப் பற்றி என்ன தெரியும், அது எப்படித் தெரியும். இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். 'நான்தான் தாய்' என்பது ஒரு பதில். 'பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன்' என்பது இன்னொரு பதில். 'கேள்விப்பட்டேன்' என்பது பயன்படாது.

தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், முழுமையாகவும் சரியாகவும் செய்திருக்கிறேன், இரண்டு மொழியும் எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கத் தேவையில்லை.

வடக்கு டெக்சாஸ்

மெடிக்கலில் ஒரு விஷயம். அந்த ஐ-693 (மெடிக்கல் அறிக்கைப் படிவம்) உறையைச் சிவில் சர்ஜன், அதாவது இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட டாக்டர், ஒட்டித் தருவார். ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு நகலை அவரிடம் கேட்டு வாங்குங்கள், எழுத்துப் பிழையை அதில் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதுவும் சேரும். அப்பாயிண்ட்மெண்ட் இந்த வாரமே வாங்குங்கள்.

ஆர்எஃப்இ அசலைப் பதிலின் மேலே வைத்து அனுப்ப வேண்டும். அது வக்கீலிடம் இருப்பதால் அவர் வழியாகத்தான் போகும். எந்தத் தேதிக்குள் எல்லாம் தன் கையில் வேண்டும் என்பதை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுப்பும் கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டா புதுசு

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ரசீதில் பெயருக்கு முன்னால் எஃப்என்யூ என்று இருக்கிறது. என் பெயர் அதுவல்ல! இதைத் திருத்தச் சொல்ல வேண்டுமா?

வடக்கு டெக்சாஸ்

உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறதா? நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இருக்கும். அப்படி இருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ வந்து உட்கார்ந்துகொள்ளும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே படிவத்தில் நிரப்பியிருந்தால் இது பிழை இல்லை. நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமானால் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட வேண்டும். உண்மையான எழுத்துப் பிழை என்றால் ஆன்லைனிலேயே திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம்.

எச்4 அம்மா

வீடு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாறிய 10 நாளுக்குள் முகவரியைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தபால் நிலையத்தில் மட்டும் சொல்லி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நான் அப்படி விட்டதில் கைரேகை நோட்டீஸ் ஒன்று பழைய வீட்டுக்குப் போய், அங்கே குடிவந்தவர் நல்ல மனதோடு போன் செய்ததால் தப்பித்தேன்.

பாலாற்றங்கரை (அக்டோபர் 11)

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். டிக்கெட்டை அன்றிரவே ரத்து செய்தோம். கைரேகை 27ஆம் தேதி இருபது நிமிடத்தில் முடிந்தது. மெடிக்கலில் மனைவிக்கு இரண்டு தடுப்பூசி பாக்கி இருந்தது, அதைப் போட்டு உறை கைக்கு வரச் செப்டம்பர் 15 ஆகிவிட்டது.

நகராட்சிக்கு மாமியார் நான்கு முறை போனார். முதல் தடவை, பதிவேடு பழசு, தேட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை அங்கிருந்த ஒரு ஊழியரே உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பெயர் சேர்த்த புதிய சான்றிதழ் செப்டம்பர் கடைசியில் கிடைத்தது, பதிவுத் தேதி 1988 என்றே இருக்கிறது. கூரியரில் வந்தது. தாமிரபரணி சொன்னபடி அஃபிடவிட் இரண்டையும் பள்ளிச் சான்றிதழையும் சேர்த்தே வைத்தோம். மாமியார் தன் அஃபிடவிட்டில், பெயர் வைத்த நாளையும், அதை ஏன் அப்போது பதிவில் சேர்க்கவில்லை என்பதையும் தன் வார்த்தையிலேயே சொல்லியிருந்தார். அதை நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.

எல்லாம் ஒரே கட்டாக அக்டோபர் 7 அன்று போனது. நேற்று ஸ்டேட்டஸ் மாறி, பதில் கிடைத்தது என்று காட்டுகிறது.

கொங்குநாடன்

நல்ல செய்தி நண்பரே. நான் சொன்ன யோசனையைத் திருத்தியதற்குத் தாமிரபரணிக்கும் நன்றி. என் மச்சினிக்கும் பெயரில்லாத சான்றிதழ்தான், 1991. அவள் இன்னும் ஐ-485 போடவில்லை. இப்போதே பெயர் சேர்க்கச் சொல்லலாம் அல்லவா?

தாமிரபரணி

நாளைக்கே போகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலை மறக்காமல் எடுத்துப் போகட்டும்.